எஸ்இசி பேஸ்பால் சாம்பியன்ஷிப் தொடர்

எஸ்இசி பேஸ்பால் சாம்பியன்ஷிப் தொடர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் சவுத் ஈஸ்டர்ன் கான்பரன்ஸ், சுருக்கமாக எஸ்இசி, என்னும் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு தன் உறுப்புப் பல்கலைக்கழக அணிகளுக்கிடையே ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் நடத்தும் பேஸ்பால் போட்டித் தொடராகும். முதல் தொடர் 1977இல் நடந்தது. 1998 முதல் அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரை ஒட்டியுள்ள ஹூவர் என்ற ஊரின் மெட்ரோபாலிட்டன் விளையாட்டரங்கம் இதன் நிலையான களமாக உள்ளது. 2020இல் கொரோனா பெருந்தொற்று காரணமாகத் தொடர் நடைபெறவில்லை.

தொடரை வெல்லும் அணிக்கு, அதை அடுத்து நடக்கும் தேசியத் தொடரில் நேரடி இடம் கிடைக்கும். விதியின்படி இதுவே முதன்மையான பரிசு. ஆனால் எஸ்இசி கல்லூரி பேஸ்பாலில் மிகவும் வலுவான கூட்டமைப்பு என்பதால், இத்தொடரை வெல்லும் அணிக்குப் பெரும்பாலும் அந்த இடம் ஏற்கெனவே உறுதியாகியிருக்கும். அப்படியானால் இந்தத் தொடரால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது பயிற்றுநர்களும் ரசிகர்களும் ஆண்டுதோறும் விவாதிக்கும் கேள்வி. 2025இல் தொடரின் வடிவம் அடியோடு மாற்றப்பட்டதற்கும் இக்கேள்வியோடு தொடர்பு உண்டு.

கூட்டமைப்பும் பருவமும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு நிர்வகிக்கிறது. அதன் முதல் பிரிவில் ஏறத்தாழ முந்நூறு பேஸ்பால் அணிகள் உள்ளன. இத்தனை அணிகளும் ஒன்றோடொன்று மோத இயலாது என்பதால் அவை வட்டாரத்தையும் பழைய உறவுகளையும் பொறுத்துக் கூட்டமைப்புகளாகப் பிரிந்துள்ளன. அவற்றையே கான்பரன்ஸ் என்கிறார்கள். எஸ்இசி 1932இல் உருவானது. அலபாமா, ஆபர்ன், ஜார்ஜியா, புளோரிடா, டென்னசி, கென்டக்கி, வாண்டர்பில்ட், மிசிசிப்பி, மிசிசிப்பி ஸ்டேட், எல்எஸ்யு எனப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவை அதன் பழைய உறுப்புகள். ஆர்கன்சா, தென் கரொலைனா, டெக்சாஸ் ஏ அண்ட் எம், மிசௌரி ஆகியவை பின்னர் சேர்ந்தன. 2024 சூலையில் டெக்சாசும் ஓக்லகோமாவும் இணைந்தபோது எண்ணிக்கை 16 ஆனது.

கல்லூரி பேஸ்பால் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. எஸ்இசி அணி ஒவ்வொன்றும் பத்து வார இறுதிகளில், வாரத்துக்கு மூன்று ஆட்டங்களாக, கூட்டமைப்புக்குள் 30 ஆட்டங்கள் ஆடுகிறது. இவற்றில் அதிக வெற்றி பெறும் அணியே பருவத்தின் சாம்பியன். அதற்குத் தனிக் கோப்பை உண்டு. ஹூவரில் நடப்பது பருவம் முடிந்தபின் வரும் வேறொரு போட்டி. எனவே ஒரே ஆண்டில் எஸ்இசிக்கு இரண்டு சாம்பியன்கள் இருப்பது வழக்கமான ஒன்றே. முப்பது ஆட்டங்களின் முடிவு அணியின் தரத்தைக் காட்டுகிறது, ஒரு வாரத் தொடரின் முடிவு அந்த வாரத்தில் யாருடைய கை நன்றாக இருந்தது என்பதைக் காட்டுகிறது என்று கருதும் பயிற்றுநர்கள் பருவச் சாம்பியன் பட்டத்தையே பெரிதாக மதிக்கின்றனர்.

நேரடி இடமும் அழைப்பு இடமும்

என்சிஏஏ தேசியத் தொடரில் 1999 முதல் 64 அணிகள் பங்கேற்கின்றன. இவை நான்கு நான்காகப் பிரிக்கப்பட்டு 16 ஊர்களில் ஆடுகின்றன. இச்சுற்றுக்கு ரீஜனல் என்று பெயர். அதில் வென்ற 16 அணிகள் இரண்டிரண்டாக, மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டிய சூப்பர் ரீஜனல் சுற்றில் மோதுகின்றன. எஞ்சும் எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்குச் செல்கின்றன. 1950 முதல் அத்தொடர் ஒமாகாவிலேயே நடக்கிறது. கல்லூரி பேஸ்பால் உலகில் ஒமாகா என்று சொன்னாலே போதும், என்ன பேசுகிறார்கள் என்று புரிந்துவிடும்.

64 இடங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை கூட்டமைப்புச் சாம்பியன்களுக்கு நேரடியாகச் செல்கின்றன. பெரும்பாலான கூட்டமைப்புகள் இந்த இடத்தைத் தம் இறுதித் தொடரில் வெல்பவருக்கே அளிக்கின்றன. மீதி இடங்களை என்சிஏஏ தேர்வுக் குழு அழைப்பின் வழி நிரப்புகிறது. தேர்வுக் குழு பார்க்கும் அளவுகோல்களில் ஒன்று ஆர்பிஐ என்னும் குறியீடு. அதில் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கும், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு அரைப் பங்கும், அந்த எதிரணிகளுடன் ஆடியவர்களின் விகிதத்துக்கு மீதிக் கால் பங்கும் தரப்படுகின்றன. அதாவது ஓர் அணி யாரை வென்றது என்பதைவிட யாரோடு ஆடியது என்பதற்கு எடை அதிகம். வலுவான அணிகளோடு ஆடித் தோற்றாலும் குறியீடு பெரிதாகச் சரிவதில்லை. எஸ்இசி அணிகளுக்கு இது பெரிய அனுகூலம். 2025இல் அதன் 16 அணிகளில் 13 அணிகள் தேசியத் தொடருக்குத் தேர்வாயின. ஒரு கூட்டமைப்பிலிருந்து அதுவரை இத்தனை அணிகள் சென்றதில்லை.

சிறிய கூட்டமைப்புகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே இறுதித் தொடரில் வென்றால் தேசியத் தொடர், தோற்றால் பெரும்பாலும் கோடை விடுமுறை. 2008இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ ஸ்டேட் அணி தன் கூட்டமைப்பான வெஸ்டர்ன் அத்லெடிக் கான்பரன்சின் தொடரை வென்று நேரடி இடம் பெற்றது. ரீஜனல் சுற்றில் நான்கு அணிகளுள் நான்காவதாக, அதாவது கடைசியாக, வைக்கப்பட்டது. அங்கிருந்து ஒமாகாவரை சென்று, இறுதிச் சுற்றில் எஸ்இசி அணியான ஜார்ஜியாவைத் தோற்கடித்துத் தேசியச் சாம்பியன் ஆனது. 2012இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் அணியும் தன் சிறிய கூட்டமைப்பான அமெரிக்கா ஈஸ்டை வென்று நுழைந்து, எல்எஸ்யுவை அதன் சொந்தத் திடலிலேயே வீழ்த்தி ஒமாகா சென்றது. கூட்டமைப்புத் தொடர் என்ற ஏற்பாட்டின் மூல நோக்கம் இத்தகைய அணிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. எஸ்இசியில் அதே ஏற்பாடு வேறு வேலை செய்கிறது.

விளிம்பில் நிற்கும் அணிகள்

ஹூவருக்கு வரும் அணிகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதல் வகை, தேசியத் தொடரில் இடம் உறுதியான, ரீஜனல் சுற்றைத் தன் ஊரில் நடத்தும் வாய்ப்பும் உறுதியான அணிகள். இவற்றுக்கு ஹூவரில் இழக்க ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டாம் வகை, இடம் உறுதி, ஆனால் சொந்த ஊரில் ஆட முடியுமா என்பது உறுதியில்லாத அணிகள். 16 ரீஜனல் ஊர்களின் பட்டியல் கூட்டமைப்புத் தொடர்கள் முடியும் ஞாயிற்றுக்கிழமை இரவே வெளியாகும். பழகிய திடல், பழகிய படுக்கை, நிறைந்த சொந்தக் கூட்டம் ஆகியவற்றின் மதிப்பை விளையாட்டு வீரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹூவரில் கிடைக்கும் ஒன்றிரண்டு வெற்றிகள் இவர்களுக்கு உதவக்கூடும்.

மூன்றாம் வகையே இத்தொடரின் உண்மையான பதற்றத்தைச் சுமக்கிறது. கூட்டமைப்புக்குள் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகி, அழைப்பு வருமா வராதா என்ற நிலையில் நிற்கும் அணிகள் இவை. 2022இல் ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணி இந்த நிலையில் ஹூவர் வந்தது. முதல் நாளே வாண்டர்பில்ட்டிடம் 3-1 என்று தோற்று வெளியேறியது. அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. மற்ற கூட்டமைப்புகளின் முடிவுகளைப் பார்த்துக்கொண்டு ஐந்தாறு நாள் காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த திங்கட்கிழமை வெளியான பட்டியலில் ஓல் மிஸ் இருந்தது. 64 அணிகளில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட அணி அதுவே என்று தேர்வுக் குழு தெரிவித்தது. அந்த அணி ஒரு மாதத்துக்குள் ஒமாகாவில் ஓக்லகோமாவை வென்று தன் வரலாற்றின் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது.

2025இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்கு எதிர்மாறாக நடந்தது. முந்தைய ஆண்டு ஒமாகாவின் இறுதிச் சுற்றுவரை சென்றிருந்த அந்த அணி, பருவம் தொடங்குமுன் நாட்டின் முதல் அணியாகக் கணிக்கப்பட்டிருந்தது. ஆனால் பருவம் முழுவதும் தடுமாறியது. கூட்டமைப்புக்குள் மொத்தமே மூன்று ஆட்டங்கள் வென்ற மிசௌரி அணி, அந்த மூன்றையும் ஒரே வார இறுதியில் இவர்களிடமிருந்தே எடுத்தது. ஹூவரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் மிசிசிப்பி ஸ்டேட்டையும் ஆபர்னையும் அடுத்தடுத்து வென்று, கால் இறுதியில் எல்எஸ்யுவிடம் ஓர் ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. தேர்வுக் குழுவின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. எஸ்இசியில் விடுபட்ட மூன்று அணிகளுள் அதுவும் ஒன்று. கோப்பையை வென்றிருந்தால் மட்டுமே அதற்கு வழி திறந்திருக்கும். நேரடி இடம் என்ற விதி எஸ்இசியிலும் முழுவதும் வெற்றுச் சடங்கு அல்ல என்பதற்கு இது சான்று.

பந்துவீச்சாளரின் கை

இத்தொடரைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் அனைத்தும் கடைசியில் பந்துவீச்சாளரின் கையில் வந்து நிற்கின்றன. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஒருவராக வீச்சாளர்கள் மாறிமாறி வீசுவர். பேஸ்பாலில் அவ்வாறில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளர் தன் அணி களத்தில் நிற்கும் நேரமெல்லாம் தொடர்ந்து ஒவ்வொரு பந்தையும் தானே வீசுகிறார். மாற்றப்பட்டுவிட்டால் பொதுவாக அவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் பந்து வீச வருவதில்லை. ஐந்து முதல் ஏழு இன்னிங்ஸ் வரை வீசினால் நூறு பந்துகளை நெருங்கிவிடும். ஓடிவந்து வீசாமல் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் எறிவதால் முழங்கையும் தோளும் பெரும் அழுத்தம் ஏற்கின்றன. முழங்கையின் உட்புறத்திலுள்ள இணைப்பு நார் கிழிந்தால், உடலின் வேறிடத்திலிருந்து நார் எடுத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சை தேவைப்படும். 1974இல் மருத்துவர் பிராங்க் ஜோப் இச்சிகிச்சையை முதன்முதலில் டாமி ஜான் என்ற வீச்சாளருக்குச் செய்ததால், அது இன்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை என்றே அழைக்கப்படுகிறது. அதிலிருந்து மீண்டு வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

கல்லூரிப் பருவத்தின் அட்டவணை இந்த வரம்பைக் கருதியே அமைந்துள்ளது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளுக்கு மூன்று தொடக்க வீச்சாளர்கள். அணியின் சிறந்த வீச்சாளர் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வீசுவார். அவருக்கு அடுத்த முறை ஏழு நாள் கழித்தே வரும். ஹூவர் தொடர் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. செவ்வாய் முதல் ஞாயிறுவரை ஒரே வாரத்தில் நான்கு, ஐந்து ஆட்டங்கள் வரலாம். அது முடிந்த வெள்ளியன்றே ரீஜனல் தொடங்கிவிடும். வியாழக்கிழமை ஹூவரில் வீசியவருக்கு அடுத்த வெள்ளிக்குள் போதிய ஓய்வு கிடைக்கும். ஞாயிறு இறுதி ஆட்டத்தில் நூறு பந்து வீசியவர் அந்த வெள்ளிக்குத் தேறமாட்டார்.

ஆகவே பயிற்றுநர் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இடம் உறுதியான அணி என்றால், முதன்மை வீச்சாளருக்கு மூன்று அல்லது நான்கு இன்னிங்ஸ் மட்டும் கொடுத்து நிறுத்துவது, பருவத்தில் அதிகம் வாய்ப்புப் பெறாத முதலாண்டு மாணவர்களை வீசவைத்துப் பார்ப்பது ஆகியவை ஹூவரில் சாதாரணக் காட்சிகள். விளிம்பில் நிற்கும் அணிக்கு இந்த வசதி இல்லை. அது முதல் நாளே தன் சிறந்த கையை இறக்கிவிடுகிறது. இதனால் தரவரிசையில் கீழுள்ள அணி மேலுள்ள அணியைத் தோற்கடிப்பது இத்தொடரில் அடிக்கடி நடக்கிறது. அதை வைத்து இரு அணிகளின் வலிமையை மதிப்பிடுவது தவறாகிவிடும். இருவரும் ஒரே ஆட்டத்தை ஒரே நோக்கத்தோடு ஆடவில்லை.

பந்துவீச்சாளர்களின் பக்கம் பார்த்தால் இன்னொரு கணக்கும் உண்டு. நான்காண்டுக் கல்லூரியில் படிப்பவர்கள் மூன்றாம் ஆண்டு முடித்தபின், அல்லது 21 வயது நிரம்பும்போது, தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராப்டுக்குத் தகுதி பெறுகின்றனர். 2021 முதல் அது சூலை மாதத்தில் நடக்கிறது. முதல் சுற்றில் தேர்வாகும் ஒருவருக்கு ஒப்பந்தத் தொகையே பல லட்சம் டாலர்கள். அத்தகைய இளைஞரின் கையை அவசியமில்லாத ஓர் ஆட்டத்தில் வருத்தியதாகப் பெயர் வாங்கும் பயிற்றுநரிடம் அடுத்த ஆண்டு நல்ல வீச்சாளர்கள் வந்து சேரத் தயங்குவர்.

வடிவம் மாறிய வரலாறு

1977இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்போர்டில் நடந்த முதல் தொடரில் நான்கு அணிகளே பங்கேற்றன. ஆக்ஸ்போர்டைச் சொந்த ஊராகக் கொண்ட ஓல் மிஸ் வென்றது. அக்காலத்தில் இரு தோல்வி முறை பின்பற்றப்பட்டது. அதாவது ஒருமுறை தோற்ற அணி வெளியேறாது. இரண்டாம் முறை தோற்றால்தான் வெளியேறும். பேஸ்பாலில் மிகச் சிறந்த அணிகூட ஐந்து ஆட்டத்துக்கு ஓர் ஆட்டம் தோற்பது இயல்பு என்பதால், ஒரே தோல்வியில் அணியை அனுப்பிவிடுவது நியாயமல்ல என்ற கருத்து இந்த விளையாட்டில் ஆழமாக வேரூன்றியது.

1990இல் மழையால் இறுதி ஆட்டம் நடத்த இயலாமல் எல்எஸ்யுவும் மிசிசிப்பி ஸ்டேட்டும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவிக்கப்பட்டன. கூட்டமைப்பு 12 அணிகளாக வளர்ந்தபின், 1993 முதல் 1995 வரை கிழக்கு, மேற்கு என இரு தனித் தொடர்கள் நடத்தி ஆண்டுக்கு இரண்டு சாம்பியன்களை அறிவித்தனர். அம்மூன்று ஆண்டுகளிலும் கிழக்கில் டென்னசியே வென்றது. 1996இல் மீண்டும் ஒரே தொடர் ஆயிற்று. நெடுங்காலம் எட்டு அணிகள் ஆடிய தொடர் 2012இல் பத்தாகவும் 2013இல் பன்னிரண்டாகவும் விரிந்தது.

பன்னிரண்டு அணி வடிவம் சற்றுச் சிக்கலானது. செவ்வாயன்று ஐந்து முதல் பன்னிரண்டு வரையுள்ள எட்டு அணிகள் ஒரு தோல்வி முறையில் ஆடும். வென்ற நான்கும், நேரடியாக வந்த முதல் நான்கும் சேர்ந்து புதன் முதல் வெள்ளிவரை இரு தோல்வி முறையில் ஆடும். சனிக்கிழமை அரை இறுதிகளும் ஞாயிறு இறுதியும் மறுபடி ஒரு தோல்வி முறை. மொத்தம் 17 ஆட்டங்கள். ஒரே திடலில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நாளொன்றுக்கு நான்கு ஆட்டங்கள். காலை ஒன்பதரை மணிக்கு முதல் ஆட்டம் தொடங்கினாலும், ஏதாவதொன்று நீண்டால் அல்லது மழை வந்தால் கடைசி ஆட்டம் நள்ளிரவைத் தாண்டும். 2019இல் எல்எஸ்யுவுக்கும் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் இடையிலான ஆட்டம் ஒன்பது இன்னிங்சில் முடியாமல் 17 இன்னிங்ஸ் நீண்டு, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் 6-5 என்று மிசிசிப்பி ஸ்டேட்டின் வெற்றியில் முடிந்தது. அவ்விரு அணிகளுமே அப்போது தேசியத் தொடருக்குச் செல்வது ஐயமில்லாத நிலையில் இருந்தவை.

இத்தகைய சுமைக்கு முடிவுகட்டும் வகையில், 16 அணிகளாக விரிந்த 2025 தொடர் முழுக்க முழுக்க ஒரு தோல்வி முறைக்கு மாற்றப்பட்டது. ஒன்பதாம் இடம் முதல் பதினாறாம் இடம் வரையுள்ள அணிகள் செவ்வாயன்றும், ஐந்து முதல் எட்டு வரையுள்ளவை புதனன்றும் களமிறங்கும். முதல் நான்கு அணிகள் நேரே கால் இறுதியில் ஆடும். கோப்பைக்கு முதல் நான்கு அணிகள் மூன்று ஆட்டங்கள் வென்றால் போதும். கடைசி எட்டு அணிகள் ஐந்து வெல்ல வேண்டும். மொத்த ஆட்டங்கள் 15. அணிகள் கூடியும் ஆட்டங்கள் குறைந்தன. பருவத்தில் சிறப்பாக ஆடியவர்க்குக் கைகளைச் சேமிக்கும் சலுகை கிடைத்தது. அதே ஆண்டில் கிழக்குக் கடற்கரையின் ஏசிசி கூட்டமைப்பும் தன் தொடரை ஒரு தோல்வி முறைக்கு மாற்றியது.

இழப்பும் இல்லாமலில்லை. 2024 தொடரில் டென்னசி தன் முதல் ஆட்டத்தில் வாண்டர்பில்ட்டிடம் தோற்றது. இரு தோல்வி முறை இருந்ததால் தொடர்ந்து ஆடி, இறுதியில் எல்எஸ்யுவை 4-3 என்று வென்று கோப்பை பெற்றது. இப்போதைய விதியில் அந்த அணி முதல் நாளே ஊர் திரும்பியிருக்கும்.

ஹூவர்

ஹூவர் மெட்ரோபாலிட்டன் விளையாட்டரங்கம் 1988இல் திறக்கப்பட்டது. 10,800 பேர் அமரலாம். 2012 வரை பர்மிங்காம் பேரன்ஸ் என்னும் தொழில்முறைச் சிற்றணியின் இல்லமாக இருந்தது. கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டான் 1994இல் பேஸ்பால் ஆட வந்தபோது இந்த அணிக்காகவே ஆடினார். பேரன்ஸ் பர்மிங்காம் நகருக்குள் புதிய அரங்குக்குச் சென்றபின், ஹூவர் அரங்கத்தின் அடையாளமே இந்த ஒரு வாரத் தொடர்தான். எஸ்இசியின் தலைமையகமும் பர்மிங்காமில் இருப்பதால் இந்த ஏற்பாடு எளிதாக நிலைத்தது.

மே கடைசியில் அலபாமாவில் வெயிலும் இடிமழையும் சேர்ந்தே வரும். ரசிகர்கள் பலர் படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டிகளில் வந்து அரங்கின் பக்கத்திலேயே வாரம் முழுவதும் தங்குகின்றனர். தம் அணி தோற்று வெளியேறிய பிறகும் ஊர் திரும்பாமல் மற்ற ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் உண்டு. சிறந்த வீச்சாளர் வீசினாரா, எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்பதெல்லாம் இவர்களுக்கு இரண்டாம் செய்தி.

2025 தொடர்

டெக்சாஸ் எஸ்இசியில் தன் முதல் பருவத்திலேயே பருவச் சாம்பியன் ஆகி, முதலிட அணியாக ஹூவர் வந்தது. கால் இறுதியில் டென்னசியிடம் 12 இன்னிங்ஸ் ஆடித் தோற்று, ஒரே ஆட்டத்தில் வெளியேறியது. அந்த ஆட்டத்தில் தன் வீச்சாளர்களைச் செலவழித்த டென்னசி, அரை இறுதியில் வாண்டர்பில்ட்டிடம் 10-0 என்று வீழ்ந்தது. மறுபக்கம், ஏழாம் இடத்திலிருந்து புதன்கிழமையே ஆடத் தொடங்கிய ஓல் மிஸ் மூன்று ஆட்டங்களை வென்று இறுதிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாண்டர்பில்ட்டுக்கு மூன்றாவது ஆட்டம், ஓல் மிஸ்சுக்கு நான்காவது. வாண்டர்பில்ட் 3-2 என்று வென்றது.

மறுநாள் தேர்வுக் குழு வாண்டர்பில்ட்டை நாட்டின் முதலிட அணியாக அறிவித்தது. அடுத்த வார இறுதியில், நாஷ்வில்லில் தன் சொந்தத் திடலில் நடந்த ரீஜனல் சுற்றிலேயே அந்த அணி லூயிவில்லிடமும் ரைட் ஸ்டேட்டிடமும் தோற்று வெளியேறியது.

ஹூவரும் ஒமாகாவும்

2019 முதல் 2025 வரை, தொடர் நடக்காத 2020 நீங்கலாக, ஆறு தேசியச் சாம்பியன்களும் எஸ்இசி அணிகளே. அவற்றுள் அதே ஆண்டில் ஹூவரிலும் வென்றவை 2019இன் வாண்டர்பில்ட், 2024இன் டென்னசி ஆகிய இரண்டு மட்டுமே. மற்ற நான்கில் 2021இன் மிசிசிப்பி ஸ்டேட் தனிக்கவனம் பெறுகிறது. அவ்வாண்டு ஹூவரில் அது புளோரிடாவிடம் 13-1 என்றும் டென்னசியிடம் 12-2 என்றும் தோற்றது. பத்து ஓட்ட வேறுபாடு ஏற்பட்டால் ஆட்டத்தை முன்கூட்டியே முடிக்கும் விதிப்படி இரண்டு ஆட்டங்களும் பாதியிலேயே நின்றன. ஒரு மாதம் கழித்து அந்த அணி ஒமாகாவில் வாண்டர்பில்ட்டை வென்று தன் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது. 2010இல் தென் கரொலைனாவும் ஹூவரில் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, பின் ஒமாகாவில் வென்றது.

இவற்றைக் காட்டி, ஹூவரில் தோற்று ஒரு வாரம் ஓய்வெடுப்பதே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. 2009இன் எல்எஸ்யு, 2019இன் வாண்டர்பில்ட், 2024இன் டென்னசி ஆகியவை இரண்டையும் வென்றிருப்பதால் அந்த வாதம் முழுமையாக நிற்பதில்லை. ஹூவர் முடிவு ஒமாகா முடிவை எந்தப் பக்கமாகவும் முன்னறிவிப்பதில்லை என்று மட்டுமே சொல்ல முடியும்.

வென்ற அணிகள்

2025 வரை அதிக முறை வென்றது எல்எஸ்யு: 1990இன் கூட்டுப் பட்டத்தையும் 1993, 1994 ஆண்டுகளின் மேற்குப் பட்டங்களையும் சேர்த்து 12 முறை. அலபாமா, புளோரிடா, மிசிசிப்பி ஸ்டேட் ஆகியவை ஏழு முறை வென்றுள்ளன. அலபாமாவின் ஏழில் ஒன்று 1995இன் மேற்குப் பட்டம். மிசிசிப்பி ஸ்டேட்டின் ஏழில் ஒன்று 1990இன் கூட்டுப் பட்டம். வாண்டர்பில்ட் 1980இல் ஒருமுறையும், பயிற்றுநர் டிம் கார்பினின் கீழ் 2007, 2019, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறையும் வென்றது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2016இலும் ஆர்கன்சா 2021இலும் முதன்முறையாக வென்றன.

ஜார்ஜியா 2025 வரை ஒருமுறையும் இக்கோப்பையை வென்றதில்லை. எல்எஸ்யுவும் மிசிசிப்பி ஸ்டேட்டும் மழையில் கோப்பையைப் பகிர்ந்துகொண்ட அதே 1990இல், எஸ்இசியிலிருந்து முதன்முதலாகத் தேசியச் சாம்பியன் ஆன அணி ஜார்ஜியா.